மெயில் வரலை, போகலை, திறக்கலை: எதற்கு என்ன செய்வது

மதுரை சிம்மக்கல்லில் நெட் சென்டர் வைத்திருக்கும் என்னிடம் மெயில் தொல்லை எல்லாம் ஒரே வாக்கியமாகத்தான் வந்து நிற்கும்: "அண்ணே, மெயில் வேலை செய்யலை." வரவில்லையா, போகவில்லையா, போய்த் திரும்பி வந்துவிட்டதா, திறக்கவே முடியவில்லையா என்று பிரித்துக் கேட்டால்தான் எங்கே கை வைப்பது என்று தெரியும்.

நீங்கள் 'செண்ட்' தொட்டதும் மெயில் முதலில் உங்கள் மெயில் நிறுவனத்தின் சர்வருக்குப் போகிறது. அந்த சர்வர், முகவரியில் @ குறிக்குப் பின்னால் உள்ள பெயரைப் பார்க்கும். அந்தப் பெயருக்கு மெயில் வாங்குகிற சர்வர் எது என்று இணையத்தின் முகவரிப் புத்தகமான டிஎன்எஸ் பதிவில் விசாரித்து, அங்கே கொண்டுபோய்க் கொடுக்கும். எதிர்ச் சர்வர் வாங்கலாம், மறுக்கலாம், 'அப்புறம் வா' என்றும் சொல்லலாம். வாங்கினால் இன்பாக்ஸா ஸ்பேமா என்று அதுவே முடிவு செய்யும். கடைசியில் அவருடைய போன் அங்கிருந்து எடுத்துக் காட்டும். ஆக மெயில் நிற்கக்கூடிய இடம் நான்குதான்: உங்கள் போன், நடுவழி, எதிர்ச் சர்வரின் வாசல், அவருடைய பெட்டிக்குள். பெரும்பாலும் நின்ற இடத்தில் ஏதாவது தடயம் இருக்கும். அதைப் படிக்காமல் பாஸ்வேர்டை மாற்றுவதும் ஆப்பை அழித்து மறுபடி ஏற்றுவதும் வீண் வேலை, சில சமயம் கெடுதலும்கூட.

கடைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் ஜிமெயில்காரர்கள் என்பதால் அதை வைத்தே சொல்கிறேன். மற்றதிலும் பொத்தானின் பெயர்தான் மாறும்.

"ஓடிபி மெயில் வரவே இல்லை"

அரசுத் தேர்வுப் பதிவோ கல்லூரி விண்ணப்பமோ, முதலில் ஒரு சரிபார்ப்பு மெயில் வந்தாக வேண்டும். வரவில்லை என்றதும் பிள்ளைகள் 'ரீசெண்ட்' பொத்தானைப் போட்டு அழுத்து அழுத்து என்று அழுத்துவார்கள். அதைச் செய்யாதீர்கள். பல தளங்களில் புது ஓடிபி கிளம்பியதும் பழையது செல்லாது. நாலைந்து மெயிலும் ஒன்றாக வந்து விழும்போது எது கடைசி என்று தெரியாமல் முதலில் வந்ததைப் போட்டு, 'தவறான ஓடிபி' என்ற பதிலைத்தான் வாங்குவார்கள். ஒருமுறை அழுத்திவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, நீங்கள் திறந்து வைத்திருப்பது யாருடைய ஐடி என்பதை. ஒரே போனில் அப்பா ஐடி, அக்கா ஐடி, பள்ளிக்கூடத்தில் திறந்து கொடுத்த ஐடி என்று மூன்று நாலு கிடக்கும். ஜிமெயில் ஆப்பின் மேல் வலது ஓரத்தில் இருக்கும் வட்டப் படத்தைத் தொட்டால் எந்தக் கணக்கு என்று தெரிந்துவிடும். கடையில் 'வரவே இல்லை' என்று சொல்லப்படும் மெயில்களில் கணிசமானவை வந்து வேறு கணக்கில் உட்கார்ந்திருக்கும்.

அடுத்து ஸ்பேம், அப்புறம் புரமோஷன்ஸ், அப்டேட்ஸ். ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க அலுப்பாக இருந்தால், தேடல் கட்டத்தில் ஆங்கிலத்தில் 'இன்', ஒரு முக்காற்புள்ளி, 'எனிவேர்' என்று இடைவெளி விடாமல் அடித்து, பக்கத்தில் அனுப்பியவர் பெயரில் ஒரு துண்டைப் போடுங்கள். ஸ்பேம், குப்பை எல்லாவற்றையும் சேர்த்துத் தேடும்.

அங்கேயும் இல்லையென்றால் அதே ஐடியை பிரவுசரில் திறந்து பாருங்கள். பிரவுசரில் இருக்கிறது, ஆப்பில் இல்லை என்றால் மெயில் வந்துவிட்டது, போன்தான் எடுக்கவில்லை. ஆப் செட்டிங்ஸில் 'சிங்க் ஜிமெயில்' அணைந்திருக்கும், அல்லது பேட்டரி சேவர் ஆப்பைத் தூங்கவைத்திருக்கும். பிரவுசரிலும் இல்லையென்றால் விண்ணப்பத்தில் அடித்த முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். ஜிமெயில்.காம் என்பதை ஜிமெயில்.கோ.இன் என்று அடித்துவிட்டு ஓடிபிக்காகக் காத்திருப்பவர்கள் எல்லா வயதிலும் உண்டு.

எல்லாம் சரியாக இருந்தும் வரவில்லையென்றால் தாமதம் அனுப்பும் பக்கத்தில். விண்ணப்பத்தின் கடைசி நாள் மாலை என்றால் கேட்கவே வேண்டாம். கல்லூரி, அலுவலகம் கொடுத்த ஐடி என்றால் இன்னொரு காரணமும் உண்டு: சில சர்வர்கள், முன்பின் தெரியாத இடத்திலிருந்து வரும் மெயிலை முதல் தடவை வேண்டுமென்றே 'அப்புறம் வா' என்று திருப்பிவிடும். ஸ்பேம் அனுப்புகிறவன் மறுபடி வரமாட்டான், ஒழுங்கான சர்வர் வரும் என்ற கணக்கு. அதனால் ஓடிபி தேவைப்படுகிற வேலைக்கு அலுவலக ஐடியைக் கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

"அனுப்பினேன், ஏதோ இங்கிலீஷில் திரும்பி வந்திருக்கு"

'மெயிலர் டீமன்' என்ற பெயரில் ஒரு நீளமான மெயில் வந்திருக்கும். பார்த்தவுடன் வைரஸ் என்று பயந்து அழித்துவிடுவார்கள். அழிக்காதீர்கள், உங்களுக்கு வேண்டிய பதில் அதற்குள்தான் இருக்கிறது. அதில் மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். அது 4-ல் ஆரம்பித்தால் தற்காலிகத் தடை, 5-ல் ஆரம்பித்தால் நிரந்தர மறுப்பு. 1982-ல் இணைய முன்னோடி ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி என்ற மெயில் அனுப்பும் விதிமுறையிலேயே இந்த ஏற்பாடு இருக்கிறது, இன்றைக்கும் அதே எண்கள்தான் ஓடுகின்றன.

4-ல் ஆரம்பித்தால் நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். உங்கள் சர்வர் தானாகத் திரும்பத் திரும்ப முயலும். நான்கைந்து நாளாவது முயலச் சொல்கிறது விதி. நடைமுறையில் பல சர்வர்கள் அதற்கு முன்பே கைவிட்டுவிடும், கைவிட்டதையும் மெயில் போட்டுச் சொல்லும். அவசரம் என்றால் அதற்குள் எதிராளிக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள்.

550, பக்கத்தில் 5.1.1 என்று இருந்தால் அப்படி ஒரு முகவரியே அங்கே கிடையாது என்று அர்த்தம். நாகமலைப் புதுக்கோட்டையிலிருந்து ஏ.சி. மெக்கானிக் அண்ணன் ஒருவர் இந்த எண்ணோடு வந்தார். ஒரு மருத்துவமனைக்குக் கொட்டேஷன் அனுப்பி, திரும்பத் திரும்ப இதே பதில். முகவரி விசிட்டிங் கார்டில் அச்சிட்டது, தப்பு இருக்காது என்று சாதித்தார். கார்டை வாங்கி ட்யூப் லைட்டுக்கு அருகே பிடித்துப் பார்த்தால், முகவரிக்கு அடியில் அழகுக்காக ஒரு நீலக் கோடு இழுத்திருக்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு மேல் இரண்டு சொல்லுக்கு நடுவே ஓர் எழுத்து அகலத்துக்கு வெற்றிடம். முகவரியில் வெற்றிடமே வராது என்பதால் அங்கே இருப்பது அண்டர்ஸ்கோர், கோட்டோடு கோடாகக் கலந்து கிடக்கிறது. அவர் இரண்டையும் சேர்த்து ஒரே சொல்லாக அடித்திருந்தார். அதே மாதிரி பூஜ்ஜியமும் 'ஓ' எழுத்தும், ஒன்றும் சிறிய 'எல்' எழுத்தும் அச்சில் இரட்டைப் பிள்ளைகள். கார்டு அடிக்கக் கொடுப்பவர்கள் மெயில் முகவரிக்குக் கோடு போட வேண்டாம் என்று அச்சகத்தில் சொல்லிவிடுவது நல்லது.

புள்ளி விஷயத்தில் நிறைய பேருக்கு வீண் பயம். ஜிமெயில் முகவரியில் @ குறிக்கு முன்னால் எத்தனை புள்ளி வைத்தாலும் விட்டாலும் ஒரே பெட்டிதான். மற்ற நிறுவனங்களில் இந்தச் சலுகையை எதிர்பார்க்காதீர்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து எதுவானாலும் நடைமுறையில் பரவாயில்லை.

5.2.2 என்றால் எதிராளியின் பெட்டி நிரம்பிவிட்டது. அவரிடம் போனில் சொல்வதைத் தவிர உங்கள் பக்கம் செய்ய ஒன்றுமில்லை. 5.7 என்று ஆரம்பித்தால் முகவரி சரி, உங்களை நம்ப மறுக்கிறார்கள். அதைக் கடை மெயில் பற்றிச் சொல்லும் இடத்தில் பார்ப்போம்.

திரும்பியே வராத தப்பும் உண்டு, அதுதான் ஆபத்தானது. நீங்கள் தப்பாக அடித்த முகவரி உண்மையிலேயே வேறொருவருடையதாக இருந்தால் மெயில் ஒழுங்காகப் போய் அவரிடம் சேர்ந்துவிடும். ஆதார் நகலோ வங்கி பாஸ்புக்கோ அனுப்பும் முன் வெறும் 'வணக்கம்' ஒன்றை அனுப்பி பதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

"அவுட்பாக்ஸிலேயே நிக்குது, சுத்திக்கிட்டே இருக்கு"

மெயில் இன்னும் உங்கள் போனைத் தாண்டவில்லை. காரணம் இரண்டில் ஒன்று: நெட், அல்லது எடை.

நெட்டைச் சோதிப்பது சுலபம். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்றைக்கு கோரிப்பாளையம் பக்கம் நின்று பாருங்கள், போனில் சிக்னல் கட்டம் கட்டமாக நிற்கும், டேட்டா நகராது. கூட்டத்தை விட்டு வெளியே வந்தால் தானாகப் போய்விடும்.

எடை விஷயம் கொஞ்சம் விளக்கம் கேட்கும். ஜிமெயிலில் இணைப்பு 25 எம்பி வரைதான். அதைத் தாண்டினால் கோப்பை டிரைவில் வைத்து லிங்க்கை மட்டும் அனுப்பும். 25-க்குள் இருந்தாலும் எதிராளியின் அலுவலக சர்வர் அதைவிடக் குறைந்த அளவு வைத்திருக்கலாம், அப்போது வாசலில் திருப்பிவிடுவார்கள். இதில் மறைந்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு. மெயில் முறை முதலில் வெறும் ஆங்கில எழுத்தை மட்டும் சுமக்கவே கட்டப்பட்டது. படமோ பிடிஎஃப்போ போக வேண்டுமென்றால் அதை எழுத்துகளாக மாற்றித்தான் அனுப்ப முடியும். மூன்று பைட் நான்கு எழுத்தாகும். அதாவது நீங்கள் வைக்கும் 9 எம்பி கோப்பு வழியில் 12 எம்பி ஆகிவிடும். 10 எம்பி வரை வாங்கும் அலுவலகத்துக்கு 9 எம்பி அனுப்பித் திரும்பி வந்தால் அதுதான் காரணம்.

ஸ்கேன் செய்கிறபோதே இதைச் சரி செய்யலாம். மார்க் ஷீட்டை 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கு) கலரில் ஸ்கேன் செய்து தரச் சொல்லாதீர்கள். படிப்பதற்கு 200 டிபிஐ தாராளம், பிரிண்ட் எடுப்பார்கள் என்றால் 300. வெறும் எழுத்துப் பக்கங்களுக்குக் கறுப்பு வெள்ளை போதும். ஜெராக்ஸ் கடையில் கேட்டு வாங்குங்கள், இதற்குக் கூடுதல் காசு கிடையாது.

டிரைவ் லிங்க்காக அனுப்பினால் அனுமதியை 'எனிஒன் வித் த லிங்க்' என்று மாற்றியிருக்கிறதா பாருங்கள். மாற்றாவிட்டால் எதிராளிக்கு 'ரிக்வெஸ்ட் ஆக்சஸ்' என்று வரும், அவர் கேட்பார், அந்தக் கேள்வி உங்கள் ஸ்பேமில் கிடக்கும், கல்யாணப் பத்திரிகை டிசைன் அச்சகத்துக்குப் போய்ச் சேராது. கல்யாணப் பத்திரிகைக்கு இந்த அனுமதி சரி. ஆதாரும் பான் கார்டும் இருந்தால் எதிராளியின் ஐடியை மட்டும் போட்டுத் திறந்துவிடுங்கள்.

"ஸ்டோரேஜ் ஃபுல்னு சொல்லுது"

இலவசக் கணக்கின் 15 ஜிபி மெயிலுக்கு மட்டும் உரியதல்ல. டிரைவ், போட்டோஸ் எல்லாம் அதே இடத்தைத்தான் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2021 ஜூன் 1-க்குப் பிறகு போட்டோஸில் ஏறும் படங்கள் எல்லாம் கணக்கில் சேரும். ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதிலேயே ஏறுகிறது. குடும்ப குரூப்பில் தினமும் வரும் காலை வணக்கப் படங்களும், சீமந்த வீடியோவும் சேர்ந்துதான் உங்கள் இன்பாக்ஸை அடைக்கின்றன. மெயிலை மாங்கு மாங்கென்று அழித்தும் இடம் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். நிரம்பிய கணக்குக்கு மெயில் வராது, அதிலிருந்து போகவும் போகாது.

முதலில் கணக்கின் ஸ்டோரேஜ் பக்கத்தில் எது எவ்வளவு தின்கிறது என்று பாருங்கள். வாட்ஸ்அப்தான் என்றால் பேக்கப் செட்டிங்ஸில் வீடியோவை நீக்கிவிடுங்கள். மெயில்தான் என்றால் தேடல் கட்டத்தில் ஆங்கிலத்தில் 'லார்ஜர்', முக்காற்புள்ளி, 10, 'எம்' என்று சேர்த்து அடித்தால் 10 எம்பிக்கு மேற்பட்ட மெயில்கள் மட்டும் வரும். வேண்டாததை அழித்துவிட்டு, குப்பைத் தொட்டியையும் காலி செய்யுங்கள். செய்யாவிட்டால் 30 நாள் அங்கேயே இருந்து இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

"பாஸ்வேர்டு மறந்துபோச்சு, அந்த நம்பரும் இப்ப இல்லை"

கவுன்சிலிங் சமயத்தில் இதுதான் அதிகம். உசிலம்பட்டியிலிருந்து ஓர் அம்மா மகனோடு வந்திருந்தார்.

"தம்பி, இவன் ஐடி தொறக்க மாட்டேங்குது."

"எந்த நம்பர் கொடுத்துத் திறந்தீங்கம்மா?"

"நாங்க எங்கே கொடுத்தோம், அந்தக் கடைக்காரரே போட்டுக் கொடுத்தாரு."

வியாதி பெரும்பாலும் அங்கேதான். பையனிடம் அன்றைக்குப் போன் இல்லை, கடைக்காரர் தன் நம்பரையே மீட்பு நம்பராகப் போட்டு ஐடி திறந்து, பாஸ்வேர்டை விண்ணப்பத்தின் ஓரத்தில் எழுதிக் கொடுத்திருப்பார். உதவியாகத்தான் செய்திருப்பார். ஆனால் இனி அந்தக் கடைக்காரரின் சிம் இருக்கும் வரைதான் பையனின் கணக்கு. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் இந்தப் பழக்கத்தை விட வேண்டும் என்று நான் யாரிடமும் சொல்வேன். போன் இல்லையென்றால் வீட்டில் யார் நம்பர் இருக்கிறதோ அதைப் போட்டுத் திறக்க வேண்டும், கடை நம்பரைப் போடவே கூடாது.

மீட்பதற்கு வழி என்ன? கூகுளின் கணக்கு மீட்புப் பக்கத்துக்குப் போங்கள். எங்கிருந்து போகிறீர்கள் என்பது முக்கியம். முன்பு அந்த ஐடி திறந்திருந்த அதே போன், அதே வீட்டு வைஃபை, அதே பிரவுசர் என்றால் வாய்ப்பு அதிகம். என் கடைக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து முயல்வது கடைசி வழியாக இருக்கட்டும். ஞாபகமிருக்கும் கடைசி பாஸ்வேர்டைக் கேட்டால் பழையதாக இருந்தாலும் போடுங்கள், 'தெரியாது' என்று தாண்டுவதைவிட அது மேல். குருட்டாம்போக்கில் மணிக்கணக்காக முயலாதீர்கள், கூகுள் சில சமயம் காத்திருக்கச் சொல்லும், சொன்னபடி காத்திருங்கள். பழைய போன் வீட்டில் எங்காவது டப்பாவுக்குள் கிடந்தால் சார்ஜ் போட்டுப் பாருங்கள். அதில் ஐடி இன்னும் திறந்தே இருந்தால் பெரிய அதிர்ஷ்டம். அவசரப்பட்டு அதை ரீசெட் மட்டும் செய்துவிடாதீர்கள்.

சிம் செயலிழந்து 90 நாள் ஆன பிறகு அந்த நம்பரை நிறுவனம் வேறு ஒருவருக்குக் கொடுக்கலாம். அந்த ஆள் நினைத்தால் உங்கள் ஓடிபியும் அவருக்குத்தான். ஆகவே நம்பரை மாற்றுகிற அன்றைக்கே மெயில் கணக்கில் மீட்பு நம்பரையும் மாற்றுங்கள், வங்கிக்குப் போவதற்கு முன்னாலேயே. கணக்கைத் திருடியவன் மீட்பு நம்பரை மாற்றிவிட்டால்கூட, பழைய நம்பரை வைத்து 7 நாள் வரை மீட்க கூகுள் வழி வைத்திருக்கிறது. அந்த வாரத்துக்குள் முந்திக்கொள்ள வேண்டும்.

பாஸ்வேர்டுக்கு மேல் இன்னொரு அத்தாட்சியும் கேட்கிற இரண்டடுக்குச் சரிபார்ப்பைப் போட்டால் 'பேக்கப் கோட்ஸ்' என்று பத்து எண்கள் கிடைக்கும், ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒன்றை ஒருமுறைதான் பயன்படுத்தலாம். பிரிண்ட் எடுத்து ரேஷன் கார்டு வைக்கும் பையில் போட்டு வையுங்கள். போன் தொலைந்தால் அந்தத் தாள்தான் கைகொடுக்கும். அதைப் போட்டோ எடுத்து அதே மெயிலில் வைப்பது பூட்டுக்குள் சாவியை வைப்பதுதான்.

இன்னொன்று, 'ஜிமெயில் கஸ்டமர் கேர்' என்று தேடிக் கிடைக்கும் போன் நம்பர்களை நம்பாதீர்கள். இலவசக் கணக்கை மீட்டுத் தர கூகுள் போன் சேவை நடத்துவதில்லை. எடுப்பவன் ஓடிபி கேட்பான்.

பிளஸ் டூ விண்ணப்பத்துக்காக மட்டும் திறந்துவிட்டு மறந்துபோன ஐடிக்கு இன்னொரு கண்டம் இருக்கிறது. இரண்டு வருடம் தொடாமலே கிடக்கும் தனிநபர் கணக்கை கூகுள் அழிக்கலாம், 2023 டிசம்பரிலிருந்து இந்த விதி நடப்பில் இருக்கிறது. எப்போதாவது ஒருமுறை திறந்து ஒரு மெயில் படித்தால் போதும்.

"டெலிட் ஆயிடுச்சு" / "தப்பா அனுப்பிட்டேன்"

குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும். அங்கே இல்லையென்றால் 'ஆல் மெயில்' பாருங்கள். போனில் விரலால் தள்ளினால் பல சமயம் அழிவதில்லை, ஆர்க்கைவ் ஆகிறது. தப்பாக அனுப்பியதைத் திரும்பப் பெற முடியாது. 'அண்டூ' என்பது ஜிமெயில் சில விநாடி பிடித்து வைத்திருப்பதுதான், செட்டிங்ஸில் அதை 30 விநாடி வரை நீட்டலாம். நீட்டி வையுங்கள்.

"தமிழ்ல அனுப்பினது கொக்கி கொக்கியா வருது"

இதில் இரண்டு வகை உண்டு. பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடலாம்.

தலையில் கோடும் கொம்பும் போட்ட ஆங்கில 'ஏ' எழுத்து மூன்று எழுத்துக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வருகிறதா? அப்படியென்றால் எழுதியது யூனிகோட் தமிழ்தான் (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு), படிக்கிற இடம் தப்பாகப் பிரிக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட், எல்லாம் ஒரே பைட்டில்தான் ஆரம்பிக்கும். அந்த முதல் பைட்டைத்தான் உங்கள் திரை கொம்பு வைத்த 'ஏ'வாகக் காட்டுகிறது. படிக்கும் ஆப்பில் என்கோடிங்கை 'யூடிஎஃப்-8' என்று மாற்றினால் சரியாகிவிடும். மாற்ற இடமில்லாத ஆப் என்றால் அதே மெயிலை பிரவுசரில் திறந்து பாருங்கள். பழைய அலுவலகக் கம்ப்யூட்டர்களில்தான் இது இப்போது வருகிறது.

கொம்பெல்லாம் இல்லை, சாதாரண ஆங்கில எழுத்துதான், ஆனால் பொருளே இல்லையா? அது பாமினி மாதிரியான பழைய எழுத்துரு. மதுரை அச்சகங்களில் இன்னும் நிறையப் புழங்குகிறது. பாமினியில் 'மதுரை' என்று அடித்தால் கம்ப்யூட்டருக்குள் இருப்பது கே, ஜே, ஐ, யூ என்ற நான்கு ஆங்கில எழுத்துதான். எழுத்துரு அதற்குத் தமிழ் முகமூடி போட்டுக் காட்டுகிறது. மெயிலில் முகமூடி கழன்றுவிடும். எதிராளி அந்த எழுத்துருவை ஏற்றினாலும் மெயிலில் சரியாக வரும் என்று சொல்ல முடியாது. மெயிலில் ஒட்டும் முன் யூனிகோடாக மாற்றுவதுதான் வழி. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் பாமினி, டிஸ்கி, வானவில் எல்லாவற்றையும் மாற்றித் தரும். மாற்றிய பின் ஒற்றெழுத்தையும் கொம்புகளையும் ஒருமுறை கண்ணால் ஓட்டிப் பாருங்கள். நேரமில்லையென்றால் பிடிஎஃப் ஆக்கி இணைத்துவிடுங்கள், எழுத்துரு உள்ளேயே போய்விடும்.

2010-லேயே தமிழக அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. அப்படியும் பத்திரிகை அடிக்கிற அண்ணன்களிடம் பாமினியை விடச் சொன்னால் "கை பழகிருச்சுப்பா" என்பார்கள். கை பழக்கத்தை விட வேண்டியதில்லை. அதே விசையமைப்பில் யூனிகோட் அடிக்கவும் மென்பொருள் இருக்கிறது.

"கடை மெயில் எல்லாம் ஸ்பேமுக்குப் போகுது"

விளக்குத்தூண் ஜவுளிக் கடைக்காரர்களும், கோயிலைச் சுற்றி லாட்ஜ் நடத்துகிறவர்களும் சொந்த டொமைன் (@ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) வாங்கி, கடைப் பெயரிலேயே மெயில் வைத்திருக்கிறார்கள். பில் அனுப்பினால் வாடிக்கையாளரின் ஸ்பேமில் விழுகிறது, அல்லது 550 5.7.26 என்று திரும்புகிறது. உங்கள் டொமைன் பெயரை யார் வேண்டுமானாலும் போட்டு அனுப்பலாம் என்பதால் எதிர்ச் சர்வர் அத்தாட்சி கேட்கிறது. டொமைனின் டிஎன்எஸ் பதிவில் எஸ்பிஎஃப் என்று ஒரு வரி இருக்க வேண்டும்: என் பெயரில் மெயில் அனுப்ப இந்த சர்வர்களுக்கு மட்டும் அனுமதி என்று அது சொல்லும். டிகிம் ஒவ்வொரு மெயிலிலும் கையெழுத்துப் போடும். இரண்டும் பொய்த்தால் என்ன செய்வது என்று டிமார்க் சொல்லும். 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாகூவும் இதில் கறாராகிவிட்டன. சின்னக் கடைக்கும் எஸ்பிஎஃப், டிகிம் இரண்டில் ஒன்றாவது வேண்டும். ஜிமெயில்களுக்கு ஒரு நாளைக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் வேண்டும்.

நான் அதிகம் பார்க்கும் கோளாறு, எஸ்பிஎஃப் வரி இரண்டு இருப்பது. வெப்சைட் போட்டவர் ஒன்று வைத்திருப்பார், மெயில் சேவை மாற்றியவர் பழையதை எடுக்காமல் இன்னொன்று சேர்த்திருப்பார். இரண்டு இருந்தால் இரண்டும் செல்லாது. ஒரே வரிக்குள் இரண்டு சர்வர்களையும் சேர்க்க வேண்டும்.

லாட்ஜ்காரர்களுக்கு வேறொன்று வரும். வெப்சைட்டில் ரூம் கேட்டு வாடிக்கையாளர் படிவத்தை நிரப்புவார், அது உங்களுக்கு மெயிலாக வர வேண்டும், வராது. படிவம், அனுப்புநர் இடத்தில் வாடிக்கையாளரின் ஜிமெயிலைப் போட்டு உங்கள் சர்வரிலிருந்து அனுப்புகிறது. அத்தாட்சி பொருந்தாமல் விழுகிறது. அனுப்புநர் உங்கள் டொமைனாகவே இருக்கட்டும், 'ரிப்ளை டு' இடத்தில் மட்டும் வாடிக்கையாளர் முகவரி வரட்டும் என்று டெவலப்பரிடம் சொல்லுங்கள்.

மெயில் ஒரே நாளில் மொத்தமாக நின்றுபோனால் எஸ்பிஎஃப் எல்லாம் பார்க்க வேண்டாம், டொமைன் காலாவதியாகிவிட்டதா பாருங்கள். அதைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் வெப்சைட் போட்டுக் கொடுத்த பையனின் மெயிலுக்குப் போயிருக்கும். டொமைன் உங்கள் பெயரில், உங்கள் மெயிலில், உங்கள் நம்பரில் இருக்க வேண்டும். அந்த மெயில் அதே டொமைனில் இல்லாமல் வேறாக இருப்பதும் அவசியம்.

"நான் அனுப்பாத மெயில் என் பேர்ல போகுது"

முதலில் 'செண்ட்' பகுதியைப் பாருங்கள். அங்கே அந்த மெயில் இல்லையென்றால் பெரும்பாலும் யாரும் உள்ளே வரவில்லை, உங்கள் முகவரியை அனுப்புநர் இடத்தில் எழுதியிருக்கிறான், அவ்வளவுதான். ஆனாலும் திருடன் அனுப்பிவிட்டு அழித்திருக்கலாம் என்பதால், கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து பக்கத்தின் அடியில் வலது ஓரத்தில் உள்ள 'டீடெயில்ஸ்' தொடுங்கள். எந்த இடத்திலிருந்து, எப்போது திறந்தார்கள் என்று வரும். தெரியாத இடம் இருந்தால் பாஸ்வேர்டை மாற்றி, மற்ற சாதனங்கள் எல்லாவற்றிலிருந்தும் வெளியேற்றுங்கள்.

பாஸ்வேர்டு மாற்றியதும் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். முடியவில்லை. செட்டிங்ஸில் 'ஃபில்டர்ஸ்', 'ஃபார்வர்டிங்' இரண்டையும் திறந்து பாருங்கள். உள்ளே புகுந்தவன் முதலில் செய்கிற காரியம் அங்கேதான்: ஒரு குறிப்பிட்ட வியாபாரியிடமிருந்து வரும் மெயிலை எல்லாம் தன் முகவரிக்கு நகல் அனுப்பி, உங்கள் இன்பாக்ஸில் காட்டாமல் குப்பைக்குத் தள்ளும்படி ஒரு ஃபில்டர். நீங்கள் பாஸ்வேர்டை எத்தனை முறை மாற்றினாலும் அந்த ஃபில்டர் அங்கேயே உட்கார்ந்து வேலை பார்க்கும்.

வியாபாரிகள் மாட்டுவது இப்படித்தான். சூரத்திலிருந்து சரக்கு வரவேண்டும், பேச்சு எல்லாம் மெயிலில். பணம் கட்டும் நேரத்தில் "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய கணக்கில் போடவும்" என்று அதே பெயரில், அதே பழைய பேச்சுத் தொடரில் ஒரு மெயில் வரும். முகவரியை உற்றுப் பார்த்தால் 'எம்' இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்' 'என்' என்ற இரண்டு சின்ன எழுத்து ஒட்டிக்கொண்டு நிற்கும். போன் திரையில் அந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. கணக்கு மாற்றம் என்று எந்த மெயில் வந்தாலும், அந்த மெயிலில் உள்ள நம்பருக்கு அழைக்காமல் உங்கள் பழைய பில்லில் இருக்கும் நம்பருக்கு அழைத்துக் கேளுங்கள்.

பணம் ஏற்கெனவே போய்விட்டதென்றால் உடனே சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், கூடவே உங்கள் வங்கிக்கும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்பு. மோசடி மெயிலை அழிக்காதீர்கள், வாட்ஸ்அப்பில் ஸ்கிரீன்ஷாட்டாக அனுப்பிவிட்டால் போதும் என்றும் விட்டுவிடாதீர்கள். கம்ப்யூட்டரில் அந்த மெயிலைத் திறந்து, மூன்று புள்ளியைத் தொட்டு, 'ஷோ ஒரிஜினல்' போங்கள். மெயில் எந்த சர்வர் வழியாக எத்தனை மணிக்கு வந்தது என்ற வரிகள் முழுக்க அதில் இருக்கும். அதைக் கோப்பாக இறக்கி பென்டிரைவில் போட்டு, ஒரு பிரிண்டும் எடுத்துக்கொண்டு சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போங்கள்.